குறை சொன்னால்தான் இரண்டாம் கரண்டி

அன்புள்ள மேஸ்திரிக்கு,

முதலில் மன்னிப்பு. உன் அப்பா உன்னைச் செல்லமாகக் கூப்பிடும் பெயரை நானும் எடுத்து எழுதியதற்கு ஒன்று, கடிதம் என்று ஒன்றை எழுதுவதற்கே இன்னொன்று. கையில் போன் இருக்க யார் இப்படித் தாளும் பேனாவுமாக உட்காருவார்கள் என்று நினைப்பாய். போனில் உன் குரல் கேட்டதுமே எனக்கு நாக்கு உள்ளே சுருண்டுவிடுகிறது. நல்லா இருக்கீங்களா என்று நீ கேட்பாய், இருக்கேன், நீ எப்படி இருக்கே என்று நான் கேட்பேன், இருக்கேன் என்பாய், அதற்குள் போனை அப்பா கையில் திணித்துவிட்டு நான் துணி மடிக்கப் போய்விடுவேன். ஆய்வுக்கூடத்தில் ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடம்கூட வலிக்குதா என்று கேட்க எனக்குக் கூச்சம், ஊசியைப் போட்டுவிட்டு முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற ஆள் நான். உனக்கும் எனக்கும் அக்கா தங்கை வயசு வித்தியாசம்தான் இருக்கும். பெற்றவள் மாதிரி விசாரித்தால் அதிகப்பிரசங்கித்தனம், தோழி மாதிரி விசாரித்தால் பொய். இருந்தாலும் விசாரிக்கிறேன். இங்கே அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம், அடுப்பும் நன்றாக எரிகிறது. அங்கே நீயும் நீ கட்டுகிற பாலமும் சௌக்கியமாக இருந்து, வேளைக்கு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று தெரிந்தால் எங்களுக்கு வேறொன்றும் வேண்டாம். உன்னிடம் ஒன்று கேட்கவும் வேண்டியிருக்கிறது. அதை இப்போதே எழுதினால் பயத்தில் தாளைக் கிழித்துவிடுவேன், அதனால் கடைசியில் கேட்கிறேன்.

அப்பாவின் முழங்கால் முன்பைவிடப் பரவாயில்லை, ஆனால் அவர் சொல்கிற அளவுக்குப் பரவாயில்லை இல்லை. லிஃப்ட் மெக்கானிக் பாடு இதுதான், லிஃப்ட் ஓடினால் எனக்கு வேலை இல்லை, லிஃப்ட் நின்றால் நான் படியேற வேண்டும், எந்தப் பக்கம் போனாலும் காலுக்குத்தான் அடி என்று சொல்லி அவரே சிரித்துக்கொள்கிறார். எண்ணெய் தேய்த்துவிடுகிறேன் என்றால் எண்ணெய் வாணலிக்கு, காலுக்கு இல்ல என்கிறார். கீழே சலவைக்கடை அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், அவர் கடை நீராவி இப்போதும் நம் அடுப்படி ஜன்னல் வழியாக ஏறி வருகிறது, மழைக் காலத்தில் அது ஒரு சுகம். இன்றைக்குச் சமையல் முறை அப்பாவுடையது. வேலை விட்டு வந்ததும் சலவைத்தூளில் ஒரு கை சர்க்கரை போட்டு, கிரீஸ் போகும்வரை உள்ளங்கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு அடுப்படிக்குள் போயிருக்கிறார். நான் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதுகிறேன். யாருக்கு என்று கேட்டார், மேஸ்திரிக்கு என்றேன். ஒரு நிமிஷம் கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு, என் கால் நல்லா இருக்குன்னு எழுது என்றார். எழுதிவிட்டேன், நம்புவதும் நம்பாததும் உன் பாடு.

அடுத்த மாதம் நீ வரப்போகிறாய் என்று தெரிந்ததிலிருந்து அவர் படியில்கூடப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டுதான் ஏறுகிறார். தோழி வீட்டில் தங்கிக்கொள்கிறேன், ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூணு பேரும் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற நம்ம மாடி ஓட்டலுக்கே போயிடலாம்ப்பா, அவங்களுக்கு எதுக்குச் சிரமம் என்று நீ சொன்னாயாம். சரிம்மா, அதுவும் நல்லதுதான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு அவர் வெங்காயம் நறுக்கப் போனார். அன்றைக்குச் சமையல் என்னுடைய முறை, வெங்காயமும் தேவைப்படவில்லை. ஆனால் வெங்காயம் நறுக்குகிறவரிடம் போய்க் கண் ஏன் கலங்கியிருக்கிறது என்று கேட்க முடியாது, பார்.

நீ சொன்னதில் தப்பு இல்லை. உன்னைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று உனக்குத் தெரிய வாய்ப்பே இல்லை, அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். உன்னைப் பார்ப்பதற்கு வெகு நாள் முன்பே நான் உன்னைக் கேள்விப்பட்டேன். எங்கள் ஆய்வுக்கூடக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்று நான் உள்ளே மாட்டிக்கொண்ட கதை உனக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், வெளியே வேலை செய்துகொண்டே உன் அப்பா எனக்குப் பயம் போக என்ன பேசினார் என்பது. தைரியமா இருங்க, கடவுளை வேண்டிக்கங்க என்றெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. இன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுல முட்டைக்கோஸும் முட்டையும் சேர்த்து வதக்கப்போறேன், போன தடவை முட்டைக்கோஸ் குளிச்சிட்டு வந்து தலை துவட்டாம உக்காந்திருக்குன்னு மேஸ்திரிகிட்ட திட்டு வாங்கினேன், இன்னைக்கு விடமாட்டேன் என்று அவர் சொல்லச் சொல்ல, இருட்டில் நின்று நான் சிரித்துவிட்டேன். மேஸ்திரி என்று யாரோ ஒரு கொத்தனார் அவரோடு தங்கியிருக்கிறார் போல, நாக்கு நீளமான ஆள் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு அப்பாவைத் திட்டுகிற பெண் என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது நீ கல்லூரிக்குக்கூடப் போகவில்லை.

பிறகு இந்த வீட்டுக்கு வந்தபோது அடுப்படிதான் உன்னை எனக்குச் சரியாகக் காட்டியது. அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு கிண்ணத்தின் கழுத்திலும் ஒரு வயர்த் துண்டு சுற்றியிருந்தது. மிளகாய்த்தூளுக்குச் சிவப்பு, மஞ்சளுக்கு மஞ்சள், மிளகுக்குக் கறுப்பு, மல்லிக்குப் பச்சை, சீரகத்துக்கு நீலம், சோம்புக்கு நீலத்தில் வெள்ளைக் கோடு. சீரகமும் சோம்பும் அப்பாவுக்கு ஒன்றுதான் என்று தெரிந்து, அவருக்குத் தெரிந்த பாஷையிலேயே எழுதி வைத்திருக்கிறாய். சோற்றுப் பானைக்குள்ளே தண்ணீர் எதுவரை என்று அரத்தால் ஒரு கோடு. அடுப்புத் திருகில் நகப் பூச்சால் ஒரு புள்ளி, அதுக்கு மேல போகாதீங்க என்று அர்த்தம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பட்டம் வாங்கி வந்தபோது பெரிதாக எதையோ சாதித்துவிட்டதாகத் தெரு முழுக்கப் பேசிக்கொண்டார்கள். உன் அடுப்படியில் நின்றபோது, அந்த வயசில் எனக்கு இந்த யோசனை வந்திருக்குமா என்று கேட்டுக்கொண்டேன், வந்திருக்காது. அந்த வயர்களில் ஒன்றைக்கூட நான் அவிழ்க்கவில்லை. சோம்பு வயர் நைந்துபோனபோது அப்பாவிடம் கேட்டு அதே நிறத்தில் வாங்கிச் சுற்றினேன்.

நான் பிறந்த வீட்டில் சாப்பாடு வேறு மாதிரி. என் அப்பா மூட்டை தூக்கினார், அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தார். ராத்திரி தட்டு முன்னால் உட்கார்ந்தால் யாரும் வாயைத் திறக்கமாட்டோம், திறந்தால் உள்ளே போவதற்குத்தான். ஒரு தடவை தம்பி உப்பு இல்லை என்று சொன்னதற்கு, கிடைச்சதுக்குக் குறை சொன்னா அடுத்த வேளை கோவிச்சுக்கிட்டு வராது என்று அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. விடுதியில் எல்லாப் பெண்களும் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே சாப்பிடுவார்கள், நான் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். ஓட்டல் என்றால் இன்னும் மோசம், தண்ணீர் கேட்கக்கூட எனக்குக் குரல் வராது.

அப்படிப்பட்டவளை, பதிவு அலுவலகத்தில் நீயே சாட்சிக் கையெழுத்துப் போட்டு எங்கள் கல்யாணத்தை முடித்துவைத்த அன்றைக்கு, நேராக அந்த மாடி ஓட்டலுக்கு அழைத்துப் போனீர்கள். கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்து மேசைதான் உங்கள் வாடிக்கை மேசை என்று நீங்கள் இருவரும் பேசாமல் போய் உட்கார்ந்ததிலேயே தெரிந்தது. சாப்பிட்டு முடித்ததும் சர்வர் அண்ணன் வந்து இடுப்பில் கை வைத்து, என்ன, இன்னைக்கு என்ன குறை, சொல்லுங்க, உள்ளே மாஸ்டர் காத்துக்கிட்டு இருக்காரு என்றார். நீ அப்பாவைப் பார்த்தாய், அப்பா உன்னைப் பார்த்தார். இன்னைக்கு ஒண்ணுமில்லண்ணே, எல்லாம் நல்லா இருந்துச்சு என்றாய். அவர் உன்னை மேலும் கீழும் பார்த்து, உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்கள் ஏதோ தகராறு பிடித்த வாடிக்கையாளர்கள், அன்று எனக்காக அடக்கி வாசித்தீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். பாதி சரிதான் என்று இப்போது தெரிகிறது.

நீ ஊருக்குப் போன பிறகு நான் சமைக்க ஆரம்பித்தேன். எதைச் செய்தாலும் அப்பா நல்லா இருக்கு என்றார். சோறு குழைந்த அன்றும் நல்லா இருக்கு, பருப்பு அடிப்பிடித்த அன்றும் நல்லா இருக்கு. போன வருஷம் நீ விடுமுறைக்கு வந்தபோது நீயும் ஒவ்வொரு ராத்திரியும் ரொம்ப நல்லா இருக்கு என்றாய், தட்டை நீயே கழுவி வைத்தாய். எனக்குக் கால் தரையில் இல்லை. ஆய்வுக்கூடத்தில் கூட வேலை செய்கிறவளிடம், எங்க வீட்டுப் பொண்ணு நான் சமைச்சதைத் தட்டை வழிச்சுச் சாப்பிட்டா என்று இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டேன். அவள், போதும், உன் சமையலுக்கு ரிப்போர்ட் நார்மல்னு எழுதிக் கொடுத்துடறேன் என்று கிண்டல் செய்தாள்.

அப்புறம் ஒரு சாயங்காலம், இந்த வருஷம் மழை ஆரம்பித்த சமயம், உருளைக்கிழங்கு வறுத்து வைத்தேன். அப்பா ஒரு வாய் போட்டார், மென்றார், ஏதோ யோசனையில் இருந்தார் போல. உருளைக்கிழங்கு அவசரப்பட்டு வந்துடுச்சு, சட்டை பட்டன் போடாம ஓடி வந்த மாதிரி இருக்கு என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. என் தட்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இத்தனை நாள் பொறுத்துக்கொண்டு இப்போதுதான் உண்மையைச் சொல்கிறார், இந்த வீட்டில் என் நாள் முடிந்தது என்றெல்லாம் என் புத்தி ஓடியது. அவர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, அந்த லிஃப்டுக்கு வெளியே பேசிய மாதிரியே, நிறுத்தாமல் பேச ஆரம்பித்தார். உன் கதையைச் சொன்னார்.

உன் அம்மா தவறிப்போன பிறகு (அவரை நான் மனசுக்குள் அக்கா என்றுதான் சொல்லிக்கொள்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே) நீங்கள் இரண்டு பேரும் மாறி மாறிச் சமைத்தீர்களாம், இரண்டு பேருக்கும் சமைக்கத் தெரியாதாம். அப்பா மனசு நோகக் கூடாது என்று நீ நல்லா இருக்கு என்பாய், பொண்ணு வாடிப்போகக் கூடாது என்று அவர் நல்லா இருக்கு என்பார். இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பொய் சொல்லிக்கொண்டு இரண்டு பேரும் இளைத்துக்கொண்டே போனீர்களாம். ஒரு நாள் அவர் வடித்த சோற்றில் கரண்டியைக் குத்தி நிறுத்தினாய், கரண்டி விழாமல் நின்றது. அப்பா, இது சோறு இல்ல, சிமெண்ட், நீங்க இன்னொரு பானை வடிச்சா பின்னால சுவர் எழுப்பிடலாம் என்றாய். அக்கா போனதற்கப்புறம் அவர் அன்றைக்குத்தான் முதல் தடவை சிரித்தாராம். சிரிப்பு வந்து, அதோடு அழுகையும் வந்து, அப்போ நீதான்டி மேஸ்திரி என்றாராம். அன்றைக்கே நீ சட்டம் போட்டுவிட்டாய். இனிமே சாப்பிட உக்காந்தா ஆளுக்கு ஒரு குறை சொல்லணும், குறை சொன்னாத்தான் இரண்டாம் கரண்டி, நல்லா இருக்குன்னு சொல்றவங்க விருந்தாளி, அவங்களுக்குக் கைகழுவத் தண்ணி கொடுத்து அனுப்பிடணும். அடுத்த நாளே பானையில் கோடு கீறினாய், அடுத்தது வயர். கதவுக்கு உள்ளே உட்கார்ந்து இதைக் கேட்டபோது எனக்கு என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த வயசுப் பெண் சோகத்தில் மூழ்கிக் கிடந்த மனுஷனை ஆறுதல் சொல்லித் தூக்கவில்லை, கேலி செய்து தூக்கியிருக்கிறாள். நான் கதவைத் திறந்து, இத்தனை மாசம் ஏன் என்கிட்ட குறை சொல்லலை என்று கேட்டேன். பயம்தான், நீ பேசவே மாட்டேங்கிற, குறை சொன்னா போயிடுவியோன்னு இருந்துச்சு என்றார். எனக்கு அவரை விடப் பயம், குறை வந்தால் போகச் சொல்வார்களோ என்று. நல்ல ஜோடி.

அதற்குப் பிறகு நான் குறை சொல்லப் பழகியது ஒரு பெரிய கூத்து. என் அம்மா குரல் காதுக்குள் வந்து வாயை அடைக்கும். அப்பா எதிரே உட்கார்ந்து, ம், சொல்லு, சொல்லு என்று ரத்தம் எடுக்கக் கையை நீட்டுகிறவர் மாதிரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருப்பார். பசியோடு எழுந்துபோன நாளெல்லாம் உண்டு, சட்டம் சட்டம்தானே, இரண்டாம் கரண்டி கிடைக்காது. கடைசியில் ஒரு நாள் அவர் செய்த கீரையில் நறநறவென்று பல்லில் பட்டது. கீரை வேரோட வீட்டு மனையையும் எடுத்துக்கிட்டு வந்திருக்கு என்று சொல்லிவிட்டேன். என் குரல் எனக்கே கேட்டிருக்காது. அவர் எழுந்து ஜன்னலைத் திறந்து கீழே சலவைக்கடை அம்மாவிடம், கேட்டீங்களா, என் பொண்டாட்டி என் கீரையைத் திட்டிட்டா என்று கத்தினார். அந்த அம்மா, இதையெல்லாமா பெருமையாச் சொல்லுவாங்க, இன்னும் நல்லாத் திட்டட்டும் என்றார். அன்று எனக்கு மூன்று கரண்டி விழுந்தது. இப்போது நான் தேறிவிட்டேன். போன வாரம் மாடி ஓட்டலில் சர்வர் அண்ணன் கேட்டபோது, சூப்புல மிளகு முன்வரிசையில உக்காந்து மத்தவங்களை மறைக்குது என்று நானே சொன்னேன். அவர் உள்ளே பார்த்து, மாஸ்டர், புது ஆளும் பேசிட்டாங்க என்றார், மாஸ்டர் கரண்டியோடு வெளியே வந்து எட்டிப் பார்த்தார். பாலம் கட்டப் போன பொண்ணு எப்போ வருதுன்னும் கேட்டார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது, ஆனால் நன்றாக இருந்தது. உன் அப்பா இப்போது எவ்வளவு அழகாகச் சமைக்கிறார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மீனைத் திருப்பும்போது ஒரு துண்டு உடையாது. அதில் குறை கண்டுபிடிக்கப் பரீட்சைக்குப் படித்த மாதிரி யோசிக்க வேண்டியிருக்கிறது, அந்தக் கை நீ பழக்கிய கை.

சரி. இதெல்லாம் தெரிந்த பிறகுதான் போன வருஷம் நீ சொன்ன ரொம்ப நல்லா இருக்கு எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது. ஆய்வுக்கூடத்தில் பெருமை அடித்துக்கொண்டதும் ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது. உன் மேல் வருத்தம் இல்லை. புதிதாக வந்தவளை நோகவைக்கக் கூடாது என்று நீ மரியாதையாகத்தான் நடந்துகொண்டாய், உன் அப்பாவும் அதையேதான் செய்தார். உன் வீட்டில் நீ என்னை விருந்தாளியாக நடத்தினாயா, இல்லை நீயே விருந்தாளியாக நடந்துகொண்டாயா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, இரண்டாவது என்றால் இன்னும் அதிகமாக. நான் வந்ததால் உனக்கு உன் மேசை இல்லாமல் போகக் கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள். வேலை இடத்தில் நின்றபடியே ரொட்டியைக் கடித்து டீயில் தள்ளிவிடுகிறாய் என்று அப்பா சொன்னார். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் ஒட்டாது, அது மட்டும் நான் தைரியமாகச் சொல்லக்கூடிய விஷயம், நான் தினம் பார்க்கிற ரத்தத்தில் பாதி அப்படித்தான் வெளுத்துக் கிடக்கிறது. வரும்போது ஒரு பரிசோதனை செய்துவிடுவோம், வலிக்குதா என்று கேட்கிறேன், சத்தியமாக. உயரத்தில் நிற்கும்போது போனைப் பார்க்காதே. உன் பாலம் நல்லபடியாக முடியட்டும், அதன் மேல் போகிறவர்கள் எல்லாரும் வேளைக்கு வீடு போய்ச் சேரட்டும், நீயும் நூறு வருஷம் பசியும் ருசியுமாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். அப்பா அடுப்படியிலிருந்து, வரும்போது அந்த மழைக் கோட்டை மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லு, கிழிஞ்சதை நான் ஒட்டித் தர்றேன் என்கிறார். மறக்காதே.

இனி நான் கேட்க வந்தது. மாடி ஓட்டல் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அங்கேயும் ஒரு ராத்திரி போவோம். ஆனால் அங்கே நீ சொல்கிற குறை மாஸ்டருக்குப் போய்விடும், நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர்தான் குடித்துக்கொண்டிருப்பேன். தோழி வீட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரே ஒரு ராத்திரி வீட்டில் சாப்பிடு. அப்பாவை அடுப்படிப் பக்கம் விடமாட்டேன், நான்தான் சமைப்பேன். பெரிய விருந்து ஒன்றும் இல்லை, சோறு, பருப்பு, அதே உருளைக்கிழங்கு. என்னால் முடிந்த அளவு நன்றாகவே செய்வேன், உனக்கு வசதியாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே கெடுத்து வைக்கமாட்டேன். நீ சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, ஒரு குறை சொல்லம்மா. நான் இரண்டாம் கரண்டியோடு நின்றுகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
சித்தி

(இந்தச் சொல்லில் உப்பு ஒரு கல் கூடுதலாகப் பட்டால் அதையும் சொல்லலாம். ஆனால் அது தனி, உருளைக்கிழங்குக்குப் பதிலாக அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது.)